சட்டத்திலிருந்து நீங்கிய ஒரு சொல்

கண் தெரியாதவர் கையில் கோல் இருக்கும். கால் நடக்காதவர் கட்டை ஊன்றி நடப்பார். பார்த்த உடனே நமக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்போம். சாலையைக் கடக்கக் கை கொடுப்போம்.

ஆனால் எல்லாக் குறையும் கண்ணுக்குத் தெரியாது. சிலருக்குக் காது கேட்காது. சிலருக்கு மனநோய் இருக்கும். சிலருக்கு ரத்தம் உறையாது. சில குழந்தைகளுக்கு எழுத்து மட்டும் ஏறாது. வெளியே பார்த்தால் எல்லோரையும் போலத்தான் இருப்பார்கள். "உனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்று ஊர் கேட்கும். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பினால் ஒதுக்கி வைப்பார்கள்.

இப்படிக் கண்ணுக்குத் தெரியாத துன்பங்களில் ஒன்று வலிப்பு நோய். காக்காய் வலிப்பு என்றும் இதைச் சொல்வார்கள். இந்த நோய் உள்ளவர்களை ஊர் ஒதுக்கியது. ஊர் மட்டுமா? நம் நாட்டுச் சட்டமும் 23 ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது. அந்தச் சட்டம் எப்படி மாறியது? அதை மாற்றப் பாடுபட்டவர்களில் பெங்களூரு மருத்துவர் ஒருவரும் இருந்தார். இது அந்தக் கதை.

வலிப்பு ஏன் வருகிறது?

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. மிகச் சிறிய மின்சாரம் மூலம் இந்தச் செய்தி போகிறது. கையைத் தூக்குவதும் பேசுவதும் நினைப்பதும் இந்தச் செய்தியால்தான்.

சில நேரம் இந்த மின்சாரம் திடீரென்று அளவு மீறிப் பாய்கிறது. வீட்டில் கரண்டு ஏறி இறங்கினால் விளக்கு எப்படித் துடிக்கிறது? அதுபோல உடம்பு துடிக்கிறது. கை கால் இழுக்கிறது. நினைவு போகிறது. வாயில் நுரை வருகிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் மின்சாரம் அடங்குகிறது. துடிப்பும் நிற்கிறது. அவ்வளவுதான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. முன் பிறவிப் பாவமும் இல்லை.

எல்லோருக்கும் கை கால் இழுக்காது. சில குழந்தைகள் சில நொடி வெறித்துப் பார்க்கும். கூப்பிட்டால் கேட்காது. உடனே பழையபடி ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில், "பாடத்தைக் கவனிக்காமல் பராக்குப் பார்க்கிறாயா?" என்று அடி விழும். அதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம்.

வலிப்பு வரக் காரணங்கள் பல. பிரசவத்தில் குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு குறையலாம். தலையில் அடி படலாம். மூளைக் காய்ச்சல் வந்திருக்கலாம். நாடாப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் கட்டி மூளையில் தங்கலாம். கழுவாத காய்கறியிலும் கழுவாத கையிலும் இந்த முட்டை இருக்கக்கூடும். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

கர்நாடகத்தின் தென்பகுதியில் இன்னொரு வகையும் உண்டு. தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது வலிப்பு வரும். இதை வெந்நீர் வலிப்பு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெங்களூரு மருத்துவர்கள் இதை 1960களிலிருந்தே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இது உள்ளவர்கள் கொதிக்கும் நீரைத் தலையில் ஊற்றக் கூடாது. இளஞ்சூடான நீரில் குளித்தால் பலருக்கு வலிப்பு வருவதில்லை.

வலிப்பு ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. வாய் நுரையைத் தொட்டால் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. வலிப்பு உள்ளவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதில்லை.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தக் கணக்கைத் தருகிறது. இந்தியாவில் மட்டும் 1 கோடிப் பேருக்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இரும்புச் சாவி வேண்டாம்

வழியில் ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார். கூட்டம் கூடுகிறது. ஒருவர் சாவிக் கொத்தைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் வாயில் கரண்டியை நுழைக்கிறார். இன்னொருவர் தண்ணீர் ஊற்றுகிறார். மூன்றுமே தவறு.

சாவி பிடித்ததால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாகவே நிற்கும் நேரம் வந்துவிட்டது. கரண்டியால் பல் உடையும். நினைவில்லாதவர் வாயில் ஊற்றிய தண்ணீர் மூச்சுக் குழலுக்குள் போகும். உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியது இதுதான்:

கூட்டத்தை விலக்குங்கள். காற்று வரட்டும்.

பக்கத்தில் கல், அடுப்பு, கத்தி இருந்தால் அகற்றுங்கள்.

தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள்.

கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள்.

துடிப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். நுரை வெளியே வழியட்டும்.

கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

நினைவு திரும்பும்வரை கூடவே இருங்கள்.

வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நினைவு திரும்பாமலே மறுபடி வலிப்பு வந்தாலும் அப்படியே செய்யுங்கள். 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மாத்திரை இருக்கிறது

வலிப்பு தீராத நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சரியான மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால், 10 பேரில் 7 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும். இதையும் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

கர்நாடகத்தில் எளந்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 1990களில் பெங்களூரு மருத்துவர் குழு ஒன்று அந்தப் பகுதிக்குப் போனது. நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி அதற்குத் தலைமை தாங்கினார். வீடு வீடாகப் போய் வலிப்பு உள்ளவர்களைக் கண்டுபிடித்தார்கள். விலை குறைந்த பழைய மாத்திரைகளையே கொடுத்தார்கள். ஆண்டுக் கணக்கில் அவர்களைக் கவனித்து வந்தார்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிட்ட பலருக்கு வலிப்பு நின்றது.

இந்த முடிவு 2001ல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. கிராமத்து ஏழைக்கும் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்பதை அது காட்டியது.

சரி, நோய்க்கு மாத்திரை உண்டு. ஒதுக்கி வைக்கும் சட்டத்துக்கு என்ன மாத்திரை?

சட்டம் என்ன சொன்னது?

இந்துத் திருமணச் சட்டம் 1955ல் வந்தது. சிறப்புத் திருமணச் சட்டம் 1954ல் வந்தது. இரண்டாவது சட்டத்தின் கீழ் எந்த மதத்தவரும் பதிவு செய்து மணம் முடிக்கலாம். இந்த இரண்டு சட்டத்திலும் முதலில் வலிப்பு என்ற சொல் இல்லை.

1976ல் நாடாளுமன்றம் இவற்றைத் திருத்தியது. யாருக்குத் திருமணம் ஆகலாம், யாருக்கு ஆகக் கூடாது என்ற விதி மாறியது. அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வரும் ஒருவர் மணம் முடிக்கத் தகுதி இல்லாதவர் என்று அந்த விதி சொன்னது. பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே வரியில் எழுதி வைத்தார்கள்.

இதன் பொருள் என்ன? ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கல்யாணம் ஆகிறது. புகுந்த வீட்டில் ஒரு நாள் வலிப்பு வருகிறது. அவளுக்கு முன்பே வலிப்பு உண்டு என்று மாமியார் வீட்டார் தெரிந்து கொள்கிறார்கள். கணவன் கோர்ட்டுக்குப் போகிறான். "இந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று கேட்கிறான். சட்டம் அவனுக்குத் துணை நிற்கிறது. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறாள்.

ஆணுக்கும் இதே சட்டம்தான். ஆனால் அதிகம் அடிபட்டவர்கள் பெண்கள். ஆணுக்கு வலிப்பு என்றால், "ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று ஊர் சொல்லும். பெண்ணுக்கு வலிப்பு என்றால் கல்யாணப் பேச்சே நின்றுவிடும்.

அதனால் குடும்பங்கள் நோயை மறைத்தன. மறைக்க வேண்டுமானால் மாத்திரையையும் மறைக்க வேண்டும். புகுந்த வீட்டில் மாத்திரை சாப்பிட்டால் தெரிந்துவிடுமே! புதுப்பெண் மாத்திரையை நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வரும். சட்டத்துக்குப் பயந்து மருந்தை நிறுத்தினார்கள். மருந்தை நிறுத்தியதால் அதே சட்டத்தில் மாட்டினார்கள்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து. அங்கே 1937ல் செய்த சட்டத்தில் இதே கருத்து இருந்தது. ஆனால் 1971ல் இங்கிலாந்து புதுச் சட்டம் செய்தது. அதில் வலிப்பு என்ற சொல் இல்லை. அவர்கள் தூக்கிப் போட்ட விதியை, ஐந்து ஆண்டு கழித்து நாம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

யார் கேட்டார்கள்?

வலிப்பு உள்ளவர்களுக்காக இந்திய வலிப்புநோய்ச் சங்கம் என்ற அமைப்பு 1970ல் தொடங்கியது. மருத்துவர்களும் நோய் உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இதில் சேர்ந்தார்கள். பெங்களூரிலும் இந்தச் சங்கம் வேலை செய்தது.

பெங்களூரு ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். 1974ல் இரண்டு நிறுவனங்களைச் சேர்த்து இதை உருவாக்கினார்கள். கர்நாடகம் மட்டும் அல்ல, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். வலிப்புக்கு வைத்தியம் செய்யும் மருத்துவர்கள் நிறைந்த ஊர் பெங்களூரு. மருந்து மட்டும் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. மருந்தால் வலிப்பு நின்ற பெண்ணையும் சட்டம் விரட்டியது.

எளந்தூரில் வேலை செய்த அதே டாக்டர் மணி இதைப் பற்றியும் எழுதினார். வலிப்பு உள்ளவர்களுக்குச் சட்டம் செய்யும் அநீதியை மருத்துவ இதழிலேயே எடுத்துச் சொன்னார். வலிப்பு என்பது பைத்தியம் அல்ல. அது மூளை நரம்பில் வரும் ஒரு கோளாறு. மருந்துக்குக் கட்டுப்படும். கல்யாணத்துக்கோ பிள்ளைப் பேற்றுக்கோ அது தடை அல்ல. மருத்துவர்களின் வாதம் இதுதான்.

1996ல் இந்திய வலிப்புநோய்ச் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. இரண்டு திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்பு என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று கேட்டது.

பொதுநல வழக்கு என்றால் என்ன? ஒருவர் தன் சொந்த நன்மைக்காகப் போடும் வழக்கு அல்ல. கோர்ட் படி ஏற முடியாத பலருக்காக ஒருவரோ ஒரு சங்கமோ போடும் வழக்கு. விரட்டப்பட்ட பெண் தன் பெயரைச் சொல்லி டெல்லிக்குப் போக முடியுமா? கூச்சம் விடாது. கையில் பணமும் இராது. அவளுக்காகச் சங்கம் போனது.

1999ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு டிசம்பர் 29ல் திருத்தம் சட்டமானது. மிகச் சிறிய சட்டம். அது செய்தது ஒன்றே ஒன்றுதான். "அல்லது வலிப்பு" என்ற சொல்லை இரண்டு சட்டத்திலிருந்தும் நீக்கியது.

சொல் சிறியது. ஆனால் அந்தச் சொல் கதவை அடைத்து நின்றது. அது போனதும் கதவு திறந்தது. இன்று வலிப்பு உள்ள ஆணும் பெண்ணும் சட்டப்படி மணம் முடிக்கலாம். வலிப்பு இருந்தது என்பதற்காக மட்டும் கல்யாணம் செல்லாது என்று சொல்ல முடியாது.

பைத்தியம் என்ற சொல் மட்டும் அந்த வரியில் இன்னும் இருக்கிறது. மனநோய்க்கும் இப்போது நல்ல மருந்து உண்டு. அந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு நாள் கேள்வி எழ வேண்டும்.

சொல் போனது, பயம் போகவில்லை

சட்டம் மாறினால் ஊர் உடனே மாறுவதில்லை. இன்றும் சிலர் மனைவிக்கு வலிப்பு என்று விவாகரத்துக் கேட்கிறார்கள். அப்படி ஒரு வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளைக்கு வந்தது. 2023ல் தீர்ப்பு வெளிவந்தது. வலிப்பு தீராத நோயும் அல்ல, மனநோயும் அல்ல, அதற்காக விவாகரத்துத் தர முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்து ஏமாற்றி மணம் முடித்தார்கள் என்று வழக்குப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் சில சம்பந்தம் தட்டிப் போகலாம். ஆனால் சொல்லி நடந்த கல்யாணத்தில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டாம்.

கல்யாணம் ஆன பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலிப்பு மாத்திரைகளில் சில, வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கெடுதல் செய்யலாம். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம் ஆகும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார்.

வேலைக்கும் உரிமை உண்டா?

ஊனமுற்றோருக்காக நம் நாட்டில் 1995ல் ஒரு சட்டம் வந்தது. அதில் 7 வகைக் குறைகள் மட்டும் இருந்தன. பிறகு 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. இதில் 21 வகை உண்டு. கண்ணுக்குத் தெரியாத பல குறைகள் இப்போது பட்டியலில் இருக்கின்றன. ரத்தம் உறையாமை, அரிவாள் செல் நோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, நடுக்குவாதம் எல்லாம் இதில் சேர்ந்தன. மனநோய் பழைய சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அப்போது வேலை இட ஒதுக்கீட்டில் அதற்கு இடம் இல்லை. புதுச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

வலிப்பு என்ற பெயர் இந்தப் பட்டியலில் தனியாக இல்லை. வலிப்போடு மூளை முடக்குவாதமோ அறிவு வளர்ச்சிக் குறைவோ இருந்தால், அதற்குச் சான்றிதழ் கேட்கலாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் வேலையில் இட ஒதுக்கீடு கிடைக்கும். வலிப்பு மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வாசல் இன்னும் திறக்கவில்லை.

ஆனால் சட்டத்தில் பட்டியல் மட்டும் இல்லை. மாற்றுத்திறனாளி யார் என்று பொதுவான விளக்கமும் இருக்கிறது. நீண்ட நாள் குறையோடு, சமுதாயம் போடும் தடையாலும் மற்றவர்களைப் போல வாழ முடியாமல் போகிறவர் மாற்றுத்திறனாளிதான். இந்த விளக்கம் ஓர் இளைஞருக்குக் கை கொடுத்தது.

அவருக்குப் பேனா பிடித்தால் கை இறுகிக்கொள்ளும். எழுத முடியாது. மற்றபடி பார்க்க நன்றாக இருப்பார். ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத உதவிக்கு ஓர் எழுத்தர் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 40 சதவீதம் என்ற கணக்கு இட ஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்குத்தான் பொருந்தும். தேர்வில் எழுத்தர் உதவிக்கு அந்தக் கணக்கைப் பார்க்கக் கூடாது. இப்படி நீதிமன்றம் சொன்னது. 2022ல் மத்திய அரசு இதற்கு விதிமுறைகளை வெளியிட்டது.

தேவைக்கு ஏற்ற ஏற்பாடு என்பது தயவு அல்ல, உரிமை. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். வலிப்பு உள்ள தொழிலாளிக்கும் இந்தக் கருத்து உதவும். உயரத்தில் சாரம் ஏறும் வேலைக்குப் பதில் தரையில் வேலை கேட்கலாம். அடுப்பு, கொதிகலன், ஓடும் இயந்திரம் இல்லாத இடத்துக்கு மாற்றச் சொல்லலாம். இரவு ஷிப்டு வேண்டாம் என்று கேட்கலாம். தூக்கம் கெட்டால் பலருக்கு வலிப்பு வரும். வேலையை விட்டே நீக்குவதைவிட வேலையை மாற்றுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

ஒன்று மட்டும் முடியாது. வலிப்பு உள்ளவர்களுக்கு நம் நாட்டில் ஓட்டுநர் உரிமம் கிடைப்பதில்லை. விண்ணப்பப் படிவத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. இங்கிலாந்தில், பொதுவாக ஓராண்டு வலிப்பு வராமல் இருந்தால் கார் ஓட்ட விடுகிறார்கள். இங்கேயும் அப்படி விதி வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. விதி மாறும்வரை வண்டி ஓட்டக் கூடாது. மற்றவர் உயிரும் அதில் இருக்கிறது.

யாரிடம் போவது?

நோய்க்கு முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். கர்நாடக அரசு 2022ல் நிமான்சுடன் சேர்ந்து மூளைநலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் வலிப்புக்கும் சிகிச்சை உண்டு.

சட்டப் பிரச்சினைக்கு வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். இலவசச் சட்ட உதவிக்கு 1987ல் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் இலவச வக்கீல் பெறலாம். பெண்ணுக்கு வருமானக் கணக்கும் கிடையாது. ஆகவே வலிப்பு என்று விரட்டப்பட்ட எந்தப் பெண்ணும் இந்த உதவியைக் கேட்கலாம்.

ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டிலும் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. பெங்களூரில் கர்நாடக மாநில ஆணையத்தின் அலுவலகம் சித்தையா சாலையில் நியாய தேகுலா என்ற கட்டடத்தில் உள்ளது. நாடு முழுவதும் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

போகும்போது மாத்திரைச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, வேலை பார்த்தால் சம்பளச் சீட்டு, எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். கண்ணுக்குத் தெரியாத நோய்க்குக் காகிதம்தான் சாட்சி.

சூரியகாந்திப் பூ

2016ல் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கேட்விக் விமான நிலையத்தில் ஒரு வழக்கம் தொடங்கியது. வெளியே தெரியாத குறை உள்ளவர்கள் கேட்டால் ஒரு பச்சை நாடா கொடுப்பார்கள். அதில் மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள் இருக்கும். கழுத்தில் போட்டுக்கொண்டால் போதும். ஊழியர்கள் பொறுமையாகப் பேசுவார்கள். அவசரப்படுத்த மாட்டார்கள். என்ன நோய் என்று துருவிக் கேட்க மாட்டார்கள்.

இந்த நாடா 2023ல் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்கும் வந்தது. விமானத்தில் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்த எண்ணம் விமான நிலையத்தோடு நிற்க வேண்டியதில்லை. ரேஷன் கடை வரிசைக்கும், பஸ் ஸ்டாண்டுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கும் அது பொருந்தும். நாடா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒருவர் தன் குறையைச் சொன்னால் நம்புங்கள். கேலி செய்யாதீர்கள்.

ஆண்டுதோறும் நவம்பர் 17ஆம் நாள் தேசிய வலிப்புநோய் தினம். அன்று உங்கள் தெருவில், சங்கத்தில், வேலை செய்யும் இடத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். ஒரு சொல்லைச் சட்டத்திலிருந்து எடுக்க 23 ஆண்டு ஆயிற்று. ஊரார் மனத்திலிருந்து அதை எடுப்பது படித்தவர்கள் கையில் இருக்கிறது. இதைப் படித்த நீங்களும் படித்தவர்தான்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் வலிப்பு வந்தால் என்ன செய்கிறார்கள்? அதில் சரி எது, தவறு எது?

2. நோயை மறைத்துக் கல்யாணம் செய்வதால் யாருக்கு என்ன கஷ்டம்?

3. பொதுநல வழக்கு என்றால் என்ன? உங்கள் ஊர்ப் பிரச்சினை எதற்காவது அது உதவுமா?

4. கண்ணுக்குத் தெரியாத குறை உள்ளவர்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்களா? அவர்களுக்கு எந்த ஏற்பாடு செய்தால் உதவியாக இருக்கும்?